தேடுபொறி உகப்பாக்கக் கலைச்சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இணையத்தில் ஒரு பக்கத்தை உருவாக்குவோர், அப்பக்கம் தேடுபொறியின் விடைப் பட்டியலில் உரிய இடத்தைப் பெறுவதற்காகச் செய்யும் பணிகள் அனைத்தும் தேடுபொறி உகப்பாக்கம் என்றும், தொழில் வழக்கில் எஸ்.இ.ஓ. என்றும் அழைக்கப்படுகின்றன. இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர் கிராலர், இண்டெக்ஸ், கீவேர்ட், பேக்லிங்க், நோஃபாலோ, கெனானிகல், ஸ்கீமா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் பல சொற்களைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கிறார். அவற்றை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம் தரும் கையேடுகள் மலிந்திருந்தாலும், அவற்றைப் படித்து முடித்தவருக்கும் இத்தனை சொற்கள் ஏன் தேவைப்பட்டன என்பது விளங்குவதில்லை. இவை ஒரே காலத்தில் ஒரு குழுவினர் அமர்ந்து வகுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எழுந்த ஒரு குறிப்பிட்ட சிக்கலிலிருந்து பிறந்தது. அச்சிக்கல்களுள் பல, நல்ல பக்கத்தை அடையாளம் காணத் தேடுபொறி நம்பிய ஓர் அறிகுறியைப் பக்க உரிமையாளர்கள் செயற்கையாக உண்டாக்கக் கற்றுக்கொண்டதால் விளைந்தவை. எனவே சொற்களை அவை பிறந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே அவற்றை அறிவதற்கு உறுதியான வழியாகும்.

இவற்றுள் மிகப் பழையது இண்டெக்ஸ் எனப்படும் அடைவு. கணிப்பொறி தோன்றுவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரிஸ் நகரில் டொமினிக்கன் சபைத் துறவிகள் செயின்ட் ஷேர் ஊரினரான ஹியூ என்பவரின் தலைமையில் இலத்தீன் விவிலியத்துக்கு ஒரு சொல்லடைவைத் தொகுத்தனர். நூலைப் படிப்பவர் பக்கத்திலிருந்து சொல்லுக்குச் செல்கிறார். சொல்லடைவைப் புரட்டுபவரோ சொல்லிலிருந்து அது வரும் இடங்களுக்குச் செல்கிறார். இவ்வாறு திசையைத் திருப்பி வைத்த பட்டியலையே கணிப்பொறியியலார் தலைகீழ் அடைவு என்பர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைப் பயன்படுத்தியவர்கள், ஒரு சொல்லைக் கொண்டு பல நூல்களின் அடிகளை நொடியில் எட்டும் இந்த வசதியைத் தேடுபொறிகள் வருமுன்னரே அறிந்திருந்தனர். இன்றைய தேடுபொறியும் கேள்வி கேட்கப்படும் கணத்தில் இணையத்தை நேரடியாகத் தேடுவதில்லை. முன்கூட்டியே தொகுத்து வைத்த தன் அடைவையே தேடுகிறது. ஒரு பக்கம் இணையத்தில் இருப்பது வேறு, அது அடைவில் ஏறியிருப்பது வேறு என்பதைப் புரிந்துகொண்டவருக்கு இத்துறையின் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

அடைவில் உள்ள ஆயிரம் பக்கங்களுள் எதை முதலில் காட்டுவது என்ற கேள்விக்கான தொடக்ககால விடைகளும் நூலகவியலிலிருந்தே வந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களின் பிற்பகுதியில், ஓர் ஆவணத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதே அந்த ஆவணத்தின் பொருளைக் காட்டும் என்று கருதினார். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் அக்கருத்துக்கு இன்றியமையாத திருத்தம் ஒன்றைச் சேர்த்தார்: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் எதையும் அடையாளப்படுத்தாது, சில ஆவணங்களில் மட்டும் வரும் அரிய சொல்லே அவற்றை ஏனையவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் என்பது அவர் நிறுவிய உண்மை. இவ்விரண்டும் இணைந்த அளவை டி.எஃப்.–ஐ.டி.எஃப். என்ற பெயரில் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு சால்ட்டன் தலைமையில் உருவான ஸ்மார்ட் ஆய்வமைப்பு இத்தகைய அளவைகளைச் சோதித்துச் செம்மைப்படுத்தியது. கீவேர்ட் எனப்படும் திறவுச்சொல், அதாவது தேடுபவர் பெட்டியில் இடும் சொல்லோ சொற்றொடரோ, இந்த மரபில் வந்ததே. இந்த அறிஞர்கள் கையாண்டவை ஆய்வுக் கட்டுரைகளும் சுருக்கங்களும். தன்னைத் தேடுபொறியின் கண்ணுக்கு உயர்த்திக் காட்டும் நோக்கம் எந்த ஆவணத்துக்கும் அப்போது இருக்கவில்லை. பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல் நிற்கிறது.

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் வையவிரிவலையை உருவாக்கிய தொடக்க ஆண்டுகளில், புதிதாகத் தோன்றிய வழங்கிகளின் பட்டியலைக் கையாலேயே தொகுத்து வைக்க முடிந்தது. அதற்கு முன்பே, 1990இல், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆலன் எம்டேஜ் எழுதிய ஆர்ச்சி என்னும் நிரல், பொதுக் கோப்பகங்களில் உள்ள கோப்புப் பெயர்களைத் திரட்டித் தேடித் தந்தது. வலைப்பக்கங்கள் பெருகியபின் 1993 ஜூனில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர் மாத்யூ கிரே, இணைப்பிலிருந்து இணைப்புக்குத் தாவித் தளங்களை எண்ணும் வாண்டரர் என்ற நிரலை ஏவினார். அதே ஆண்டின் டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃபிளெட்சர் வெளியிட்ட ஜம்ப்ஸ்டேஷன், பக்கங்களைத் தானே சென்று திரட்டுதல், அடைவு செய்தல், கேட்பவருக்கு விடை தருதல் ஆகிய மூன்று பணிகளையும் ஒருங்கே செய்தது. எனினும் பக்கங்களின் தலைப்புகளையும் உள்தலைப்புகளையும் மட்டுமே அதனால் சேமிக்க முடிந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரையன் பிங்கர்ட்டன் 1994 ஏப்ரலில் வெளியிட்ட வெப்கிராலர்தான் பக்கத்தின் முழு உரையையும் அடைவுக்குள் கொண்டுவந்தது. பக்கம் பக்கமாகச் சென்று திரட்டும் இத்தகைய நிரல் கிராலர் என்றும் சிலந்தி என்றும் பெயர் பெற்றது. அது செய்யும் வேலை கிராலிங், அதாவது ஊர்தல் எனப்படுகிறது.

அழைக்காமலே வரும் இந்த நிரல்கள் அக்காலத்தின் மெலிந்த வழங்கிகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தன. அதனால் மார்ட்டைன் கோஸ்டர் 1994இன் தொடக்கத்தில் ஓர் எளிய ஏற்பாட்டை முன்மொழிந்தார்: தளத்தின் வேர் முகவரியில் ரோபோட்ஸ் என்ற பெயருடைய ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கும், எந்த நிரல் எந்தப் பகுதிக்குள் வரலாகாது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும், நிரல்கள் தாமாக முன்வந்து அதனைப் படித்துக் கீழ்ப்படியும். இக்கோப்பைப் பற்றித் தொடக்கநிலையினரிடம் ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. ரோபோட்ஸ் கோப்பு ஊர்ந்து வருவதை மட்டுமே தடுக்கிறது, அடைவில் ஏறுவதைத் தடுப்பதில்லை. வேறு தளங்களிலிருந்து இணைப்புகள் வந்தால், உள்ளடக்கம் படிக்கப்படாத பக்கத்தின் முகவரியும்கூட விடைப் பட்டியலில் தோன்றக்கூடும். அடைவிலிருந்தே விலக்க விரும்புவோர் பக்கத்தின் தலைப்பகுதியில் நோஇண்டெக்ஸ் என்ற கட்டளையை இட வேண்டும். அந்தக் கட்டளையைத் தேடுபொறி படிக்க வேண்டுமானால் ஊர்தலை அனுமதித்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பூட்டிவிட்டுப் பக்கம் மறையவில்லையே என்று திகைப்பவர்கள் இன்றும் பலர்.

1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தொடங்கிய யாஹூ, மனிதர்கள் வகைப்படுத்திய விவரத்தொகுப்பு; 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ட்டாவிஸ்டா, கோடிக்கு மேற்பட்ட பக்கங்களின் முழு உரையைத் தேடிய பொறி. முன்னதில் இடம் பெற விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னதில் பக்கத்தின் சொற்களை மாற்றினாலே இடம் மாறியது. இந்த வேறுபாட்டை வணிகர்கள் கண்டுகொண்டபோதுதான் ஒரு புதிய தொழிலுக்கு வித்து விழுந்தது. பத்திரிகையாளர் டேனி சல்லிவன் 1996இல் தேடுபொறிகள் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையை ஆராய்ந்து தளப் பொறுப்பாளர்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். தேடுபொறி உகப்பாக்கம் என்ற தொடர் அடுத்த ஆண்டு முதலே இத்துறையினரின் சிறு வட்டத்தில் புழங்கத் தொடங்கிற்று. அதனைப் பரப்பியோருள் ஒருவராக அமெரிக்கரான புரூஸ் கிளேயைச் சல்லிவனே குறிப்பிட்டுள்ளார்.

அக்காலப் போட்டியின் மையமாக அமைந்தது மெட்டா டேக். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.-இன் 1995 நவம்பரில் வெளியான இரண்டாம் பதிப்பின் வரையறை, படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தைப் பற்றிய குறிப்புகளை இடுவதற்கு மெட்டா என்ற உறுப்பை வகுத்திருந்தது. நூலட்டையில் நூலகர் எழுதும் பொருட்குறிப்புகளைப் போல, ஆசிரியரே தம் பக்கத்தின் திறவுச்சொற்களை நேர்மையாக எழுதுவார் என்ற நம்பிக்கையில் ஆல்ட்டாவிஸ்டாவும் இன்ஃபோசீக்கும் அதனைப் படிக்கலாயின. அந்த நம்பிக்கை ஓரிரு ஆண்டுகளே நிலைத்தது. பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத புகழ்பெற்ற பெயர்களும், ஒரே சொல் நூறு முறையும் அங்கே நிரப்பப்பட்டன. இதற்குக் கீவேர்ட் ஸ்டஃபிங், அதாவது திறவுச்சொல் திணிப்பு என்று பெயர். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் சொற்களை மறைத்து வைப்பது மறைவுரை. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவது குளோக்கிங். ஒரே தளத்துக்கு ஆள்சேர்ப்பதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்றாக உருவாக்கப்பட்ட உயிரற்ற பக்கங்கள் டோர்வே பக்கங்கள், அதாவது வாயிற்பக்கங்கள். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன கருத்து இங்கே முழுமையாகப் பொருந்துகிறது: நிலைமையை அறியப் பயன்படும் ஓர் அளவையே இலக்காக்கப்பட்டுவிட்டால், அது நிலைமையைக் காட்டும் ஆற்றலை இழந்துவிடுகிறது. மெட்டா திறவுச்சொற்களை வலைத்தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. அதற்குப் பின்னும் அப்பெட்டியை நிரப்புவதற்குக் கட்டணம் வாங்குவோர் இருப்பது வருந்தத்தக்கது. மெட்டா டிஸ்கிரிப்ஷன் எனப்படும் சுருக்கக் குறிப்பு இதனின்று வேறானது. அது தரவரிசையை உயர்த்தாது, எனினும் விடைப் பட்டியலில் தலைப்பின்கீழ் காட்டப்பட வாய்ப்புள்ளதால், படிப்பவர் அப்பக்கத்தைத் தேர்வதற்குத் துணைபுரியும். பக்கத்தின் டைட்டில் டேக், அதாவது தலைப்பு, ஜம்ப்ஸ்டேஷன் காலம் முதல் இன்றுவரை மதிப்புக் குறையாமல் நிலைத்திருக்கும் அரிய உறுப்பாகும்.

திணிப்பின் விளைவு எவ்வளவு கொடிதாக இருந்தது என்பதற்குக் கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை சான்று தருகிறது. 1997 நவம்பரில் முன்னணியிலிருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளிடம் அவற்றின் பெயரையே கொடுத்துத் தேடியபோது, முதல் பத்து விடைகளுள் தன் பக்கத்தைத் தானே காட்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அவர்கள் எழுதினர். பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, பிற பக்கங்கள் அதனைப் பற்றிச் சொல்வதைக் கேட்பது என்பது அவர்கள் கண்ட மாற்று. இதற்கும் நூலகவியலே தாய். ஃபிலடெல்ஃபியாவில் யூஜின் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அடைவு, ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதைத் தொகுத்தது. கேப்ரியல் பின்ஸ்கியும் பிரான்சிஸ் நாரினும் 1976இல், மேற்கோள்கள் அனைத்தும் சமமல்ல, மதிப்புமிக்க இதழிலிருந்து வரும் மேற்கோளுக்கு மிகுந்த எடை தர வேண்டும் என்று கணித வடிவில் காட்டினர். ஸ்டான்ஃபோர்டில் 1996இல் பேக்ரப் என்ற பெயரில் தொடங்கிய ஆய்வு இக்கருத்தை வலையின் இணைப்புகளுக்குப் பொருத்திப் பேஜ்ரேங்க் என்ற அளவையை உருவாக்கியது. எந்த நோக்கமும் இன்றி இணைப்புகளைத் தொடர்ந்து சொடுக்கிக்கொண்டு, இடையிடையே சலித்து வேறொரு பக்கத்துக்குத் தாவும் ஒருவர் ஒரு பக்கத்தை வந்தடைவதற்கு உள்ள நிகழ்தகவே அப்பக்கத்தின் பேஜ்ரேங்க். தாவாமல் இணைப்பைத் தொடர்வதற்கான வாய்ப்பை அவர்கள் வழக்கமாக 0.85 என்று வைத்துக்கொண்டனர். அதே காலத்தில் ஜான் கிளைன்பெர்க் வகுத்த முறையில்தான், நம்பத்தக்க பக்கத்துக்கு அத்தாரிட்டி என்றும் அத்தகைய பக்கங்களுக்கு வழிகாட்டும் பக்கத்துக்கு ஹப் என்றும் பெயர்கள் இடப்பட்டன.

பிற தளத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பு பேக்லிங்க். அந்த இணைப்பு எந்தச் சொற்களின்மேல் பொருத்தப்பட்டிருக்கிறதோ அச்சொற்கள் ஆங்கர் டெக்ஸ்ட். இணைப்புச் சொற்கள், அவை இடம்பெறும் பக்கத்தைவிட அவை சுட்டும் பக்கத்தையே நன்கு விவரிக்கின்றன என்பதைக் கூகுளுக்கு முன்பே, 1994இல் கொலராடோவில் ஆலிவர் மெக்பிரையன் உருவாக்கிய வலைப்புழு என்ற பொறி பயன்படுத்தியிருந்தது. இணைப்புகள் சில ஆண்டுகள் உண்மையான மதிப்பீடாகவே விளங்கின. 2000 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட கருவிப்பட்டை, ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும் 10க்குள் ஓர் எண்ணாகக் காட்டியதும் அந்த எண்ணுக்கு ஒரு சந்தை உருவாயிற்று. உயர்ந்த எண் கொண்ட தளங்கள் இணைப்புகளை விலைக்கு விற்றன. ஒன்றையொன்று சுட்டுவதற்கென்றே அமைக்கப்பட்ட தளக் கூட்டங்கள் லிங்க் ஃபார்ம், அதாவது இணைப்புப் பண்ணை என்று பெயர் பெற்றன. இத்தகைய வணிகத்தில் ஈடுபட்ட சர்ச்கிங் என்ற நிறுவனம் தன் எண் குறைக்கப்பட்டதற்காகக் கூகுள்மேல் தொடுத்த வழக்கை, பேஜ்ரேங்க் என்பது அந்நிறுவனத்தின் கருத்து, அது பேச்சுரிமையால் காக்கப்படுகிறது என்று கூறி ஓக்லஹோமாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2003இல் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் பலர் கூடி ஒரே வசைத்தொடரின்மேல் இணைப்பு வைத்ததன் விளைவாக, அத்தொடரைத் தேடியவர்களுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு முதல் விடையாக வந்தது. கூகுள் குண்டு எனப்பட்ட இந்நிகழ்வு, ஆங்கர் டெக்ஸ்ட் எவ்வளவு எளிதில் வளைக்கப்படக்கூடியது என்பதைப் பொதுமக்களும் அறியச் செய்தது.

வாசகர் கருத்துப் பகுதிகளில் தானியங்கி நிரல்கள் கொட்டிய விளம்பர இணைப்புகளைப் பயனற்றவையாக்குவதற்காக, 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் நோஃபாலோ என்ற குறியீட்டை ஏற்றன. அது இடப்பட்ட இணைப்பு படிப்பவருக்குப் பயன்படும். தரவரிசையில் பரிந்துரையாக எண்ணப்படாது என்பதே அப்போதைய விதி. 2019இல் பணம் பெற்று வைத்த இணைப்புக்குத் தனிக் குறியீடும் பயனர்கள் எழுதியவற்றிலுள்ள இணைப்புக்குத் தனிக் குறியீடும் சேர்க்கப்பட்டன. பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட பேஜ்ரேங்க் எண் 2016இல் நிறுத்தப்பட்டது. அவ்விடத்தை நிரப்ப வந்த டொமைன் அத்தாரிட்டி போன்ற எண்கள் தனியார் கருவி நிறுவனங்கள் தம் கணக்கில் தருபவை. அவை எந்தத் தேடுபொறியின் மதிப்பீடும் அல்ல என்பதைப் புதியவர்கள் உறுதியாக மனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் கொடுத்துப் பெறும் இடத்தின் வரலாறு தனியானது. 1998இல் பில் குரோஸ் தொடங்கிய கோடூ என்ற தளம், ஒரு சொல்லுக்கு மிகுந்த விலை கூறியவரை முதலிடத்தில் வைத்து, ஒவ்வொரு சொடுக்குக்கும் கட்டணம் பெற்றது. கூகுளின் ஆட்வேர்ட்ஸ் 2000 அக்டோபரில் வந்தது. 2002இல் அதுவும் சொடுக்குக் கட்டண முறைக்கு மாறியபோது, விலையோடு கிளிக்-த்ரூ ரேட், அதாவது காட்டப்பட்ட முறைகளுள் எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்ற விகிதத்தையும் கணக்கில் கொண்டது. கட்டண விடைகளை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002 ஜூனில் தேடுபொறி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. கட்டணமின்றித் தகுதியால் வரும் விடைகளை ஆர்கானிக் விடைகள் என்று வழங்கும் வழக்கம் இந்தப் பிரிவினையை ஒட்டி நிலைபெற்றது. இரண்டும் சேர்ந்து தோன்றும் விடைப் பக்கத்தைத் தொழில் வழக்கில் செர்ப் என்பர்.

விதிகளை மதிப்போர் வெள்ளைத் தொப்பியினர், மீறுவோர் கருந்தொப்பியினர் என்ற பிரிப்பு பழைய அமெரிக்கக் கௌபாய் திரைப்படங்களிலிருந்து கணிப்பொறி உலகுக்கு வந்தது. மீறலுக்குக் கிடைக்கும் தண்டனை பெயர்பெற்ற நிறுவனங்களையும் விடவில்லை: 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளம் வாயிற்பக்கங்களைப் பயன்படுத்தியதற்காகக் கூகுள் அடைவிலிருந்து நீக்கப்பட்டு, அவை அகற்றப்பட்ட பின்பே மீண்டும் சேர்க்கப்பட்டது. இப்படி மனிதர் ஆராய்ந்து விதிக்கும் தண்டனை வேறு, வரிசைப்படுத்தும் முறையே மாறுவதால் நேரும் சரிவு வேறு. பின்னதற்கு அல்காரிதம் அப்டேட் என்று பெயர். 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா, தேடப்படும் சொற்களுக்காக மலிவாக உற்பத்தி செய்யப்பட்ட கட்டுரைகளைக் குறிவைத்தது. அமெரிக்கத் தேடல்களுள் 11.8 விழுக்காட்டில் அதன் விளைவு தெரிந்ததாகக் கூகுள் கூறியது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் செயற்கை இணைப்புகளைக் குறிவைத்தது. முன்பு விலைகொடுத்து வாங்கிய இணைப்புகளே சுமையாகிப் போனவர்களுக்காக, தமக்கு வேண்டாத இணைப்புகளைத் துறந்துவிடும் டிஸ்அவோ என்ற கருவி அவ்வாண்டு அக்டோபரில் தரப்பட்டது. பண்ணைகளில் இணைப்பு வாங்கிய அதே நிறுவனங்கள் அவற்றை நீக்குவதற்கும் பணம் செலவிட நேர்ந்தது இத்தொழிலின் வரலாற்றில் கசப்பான பகுதியாகும்.

எல்லாச் சொற்களும் பூசலில் பிறந்தவை அல்ல. தளத்திலுள்ள முகவரிகளின் பட்டியலைத் தேடுபொறிக்குத் தரும் சைட்மேப், 2005இல் கூகுளால் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டு யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்ற பொது ஏற்பாடாயிற்று. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம். ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் கிடைக்கும்போது எது மூலம் என்பதைச் சுட்டும் கெனானிகல் குறியீடு 2009 பிப்ரவரியில் வந்தது. ஒரு பக்கத்தில் உள்ளது சமையற்குறிப்பா, நூல் மதிப்புரையா, நிகழ்ச்சி அறிவிப்பா என்பதை இயந்திரத்துக்கு ஐயமின்றித் தெரிவிக்கும் ஸ்கீமா என்ற சொற்றொகுதியைப் போட்டி நிறுவனங்கள் 2011 ஜூனில் சேர்ந்தே வெளியிட்டன. படங்களுக்கு எழுதப்படும் ஆல்ட் உரை, படத்தைக் காண இயலாதவர்களுக்காக எச்.டி.எம்.எல். வகுத்தது. தேடுபொறி அதனைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதற்காக அதிலும் சொற்களைத் திணிப்பது, பார்வையற்றோருக்கு இழைக்கும் தீங்காகும்.

சொல்லைப் பொருத்திப் பார்ப்பதிலிருந்து நோக்கத்தைப் புரிந்துகொள்வதற்குத் தேடுபொறிகள் நகர்ந்தது அண்மைக்கால வரலாறு. ஆல்ட்டாவிஸ்டாவில் பணியாற்றிய ஆண்ட்ரே புரோடர் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், தேடுபவர் ஒரு செய்தியை அறிய விரும்பலாம், ஒரு குறிப்பிட்ட தளத்தை அடைய விரும்பலாம், அல்லது ஒரு செயலை முடிக்க விரும்பலாம் என்று மூன்றாகப் பிரித்தார். சர்ச் இன்டென்ட், அதாவது தேடல் நோக்கம் என்ற கலைச்சொல்லுக்கு அப்பிரிவே அடித்தளம். 2013இல் ஹம்மிங்பேர்டு, 2015இல் ரேங்க்பிரெய்ன், 2019இல் பெர்ட் ஆகிய கூகுளின் மாற்றங்கள் சொல்லின் சூழலையும் வாக்கியத்தின் பொருளையும் கணிக்கும் திறனை வளர்த்தன. இதன் விளைவாக, கீவேர்ட் டென்சிட்டி எனப்படும் திறவுச்சொல் அடர்த்தி இத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை பொருளற்றதாகிவிட்டது. எல்.எஸ்.ஐ. கீவேர்ட் என்ற தொடரும் அத்தகையதே: எல்.எஸ்.ஐ. என்பது 1980களின் இறுதியில் சிறிய ஆவணத் தொகுதிகளுக்காக வகுக்கப்பட்ட உண்மையான கணித முறை. அதன் பெயரை ஒட்டவைத்து விற்கப்படும் சொற்பட்டியல்களைக் கூகுள் பயன்படுத்துவதில்லை என்று அந்நிறுவனத்தின் அலுவலரே மறுத்துள்ளார்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இவ்வரலாறு தாமதமாகவே தொடங்கியது. பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தும், அடுத்த பத்தாண்டுக்கு மேலாகத் தமிழ்த் தளங்கள் பல தத்தம் எழுத்துருக்களுக்கே உரிய குறியீடுகளிலும், டிஸ்கி, 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் ஆகிய குறியீட்டு முறைகளிலும் எழுதப்பட்டன. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றிய அப்பக்கங்கள் தேடுபொறியின் அடைவில் ரோமன் எழுத்துகளின் பொருளற்ற கோவைகளாகவே பதிந்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் தம் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே பழந்தமிழ் உரைகள் தேடலில் அகப்படலாயின. இரண்டாவது தடை தமிழின் சொல்லமைப்பு. மரம் என்று தேடுபவருக்கு மரத்தை, மரத்தின், மரங்களில் என்று வரும் பக்கங்களும் கிடைக்க வேண்டுமானால், வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் சாரியையும் கடந்து வேர்ச்சொல்லைக் காணும் ஸ்டெம்மிங் என்ற பணி தேவை. ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980இல் எளிய விதிகளால் அதனைச் செய்து தந்தார். புணர்ச்சியும் ஒட்டுகளும் மிகுந்த தமிழுக்கு அத்தகைய சிறு விதித்தொகுப்பு போதாது. தமிழில் எழுதுவோர் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் திணிக்க வேண்டியதில்லை. தலைப்பிலும் முதற்பத்தியிலும் சொல்லின் இயல்பான பெயர் வடிவம் ஒருமுறையேனும் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்வது பயனுள்ளது.

கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்கு வழங்கும் கையேட்டில் துறையறிவு, மதிப்பு, நம்பகத்தன்மை என்றிருந்த மூன்று அளவுகோல்களோடு 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தையும் சேர்த்து ஈ.ஈ.ஏ.டி. என்று அழைத்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் கூகுளின் விடைப் பட்டியலுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கங்கள் இடம்பெறத் தொடங்கின. தேடுபவர் எந்தத் தளத்துக்கும் செல்லாமலே தேடலை முடித்துக்கொள்வது ஜீரோ கிளிக் தேடல் எனப்படுகிறது. தேடுபொறி பக்கத்தைப் படித்துக்கொள்ளட்டும், பதிலுக்கு வாசகரை அனுப்பட்டும் என்று 1990களில் சொல்லாமலே செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு இதனால் ஆட்டம் கண்டிருக்கிறது. கோஸ்டரின் ரோபோட்ஸ் கோப்பு 28 ஆண்டுகள் வழக்காக மட்டுமே இருந்து, 2022 செப்டம்பரில்தான் இணையத்தின் முறையான தரவரையறைகளுள் ஒன்றாகப் பதிவாயிற்று. அடுத்த ஆண்டே ஓப்பன்ஏஐ ஜி.பி.டி.பாட் என்ற தன் ஊர்நிரலின் பெயரை அறிவித்தது, கூகுளும் தன் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கெனத் தனிப்பெயரை அறிவித்தது. விரும்பாத தளங்கள் அப்பெயர்களை அக்கோப்பில் எழுதித் தடுத்துக்கொள்ளலாம். கீழ்ப்படிவது இன்றும் நிரலின் விருப்பத்தைச் சார்ந்ததே. தமிழில் தளம் நடத்துவோர், உகப்பாக்கத்துக்கென எவருக்கேனும் பணம் கொடுக்கும் முன், தம் தளத்தின் ரோபோட்ஸ் கோப்பைத் திறந்து, தாம் எழுதியவற்றை எந்தெந்த நிரல்கள் படிக்க இசைவு தந்திருக்கிறோம் என்பதைத் தாமே படித்தறிய வேண்டும்.